நீ வாசலில்தான் நின்றாய்

தம்பி,

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் உன் அத்தை வாசித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்புக்கு அனுப்பினால் பின்வாசல் வழியாகப் பந்து விளையாடப் போனவன்தானே நீ. அதனால் த்வாண்டே வீட்டில் உன் அத்தை இதைச் சத்தம் போட்டு வாசிப்பாள். அவள் குரல் கால்வாய்க்கரை வரைக்கும் கேட்கும். கேட்கட்டும், ஒளித்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பர்மியத்தில் எழுதியிருக்கலாமே என்பாய். பர்மியத்தில் எனக்குச் சந்தையில் பேரம் பேச வரும், சாவு வீட்டில் துக்கம் கேட்க வரும். பெற்ற பிள்ளையோடு மல்லுக்கட்டத் தமிழ்தான் வருகிறது. போனில் பேசலாம் என்றால் நீ 'ம், ம்' என்றுவிட்டு சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். சிக்னல் இல்லாத ஊரிலிருந்துதான் நேற்று எருமை மேல் உட்கார்ந்து படம் போட்டிருந்தாயாக்கும்!

ஞாயிற்றுக்கிழமை வேலைக்காக உனக்கு மலேசியாவுக்கு விமானம். அதற்கு இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மின் தூவின் வழக்கு கோர்ட்டில் வருகிறது. இரண்டும் உனக்குத் தெரியும். தெரிந்துதான் 'அத்தையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருகிறேன்' என்று பையைத் தூக்கிக்கொண்டு படகேறினாய். சொல்லிக்கொள்ளப் போனவன் இத்தனை நாளாகவா சொல்லிக்கொள்கிறான்?

நாத்தனாரே, வாசித்துக்கொண்டிருக்கும் உனக்கு அவன் பாதிதான் சொல்லியிருப்பான். மீதியை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். நம் பக்கத்து வீட்டு டாவ் ஓன் உனக்குத் தெரியும். புருஷன் இல்லாமல் ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். அந்தப் பிள்ளைதான் மின் தூ. இவனும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மழைக்காலத்தில் ஒரு நாள், மத்தியானம், பாஸ்போர்ட்டுக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்க இவன் வார்டு ஆபீசுக்குப் போனான். வார்டுத் தலைவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் போலீஸ் வந்தது. மின் தூவின் வீட்டைச் சோதனை போட வேண்டும். சோதனையின்போது அக்கம்பக்கத்து ஆட்கள் இருவர் கூடவே இருந்து கண்ணால் பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஒரு ஆள் ஆபீஸ் குமாஸ்தா, இன்னொரு ஆள் இல்லை. தலைவர் இவனைப் பார்த்து, 'வாப்பா, பக்கத்து வீடுதானே, ஒரு நிமிஷம்' என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

போலீஸ்காரர்கள் பூட்ஸ் காலோடு உள்ளே போனார்கள். டாவ் ஓன் வீட்டில் இல்லை. மின் தூவை விலங்கு போட்டு முற்றத்தில் மழையில் நிறுத்தியிருந்தார்கள். தம்பி, நீ என்ன செய்தாய்? செருப்பைக் கழற்றினாய். காலெல்லாம் சேறு. கூடத்தில் புத்தர் மேடை இருக்கிறது, சேற்றுக் காலோடு எப்படி ஏறுவது என்று கூசிப்போய் வாசலிலேயே நின்றுவிட்டாய். நீ நின்ற இடத்திலிருந்து சமையற்கட்டு தெரியாது, நடுவில் பலகைச் சுவர். அது எனக்கும் தெரியும், எத்தனை தடவை அந்த வாசலில் நின்று 'ஓன், உப்பு இருக்கா' என்று குரல் கொடுத்திருப்பேன். உள்ளேயிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார்கள். யாபா என்கிற போதை மாத்திரையாம், அரிசிப் பானைக்குள் இருந்ததாம். 'சாட்சியின் கண் முன்னால் எடுக்கப்பட்டது' என்று எழுதிய காகிதத்தை நீட்டினார்கள். நீ கையெழுத்துப் போட்டாய். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்து, 'அம்மா, நான் ஒண்ணும் பார்க்கலைம்மா' என்றாய். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏன் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவரும் அதைக் கேட்க மாட்டார்கள். ஆனாடே. பெரியவர் முகத்தை எப்படி முறிப்பது, நமக்குக் கடிதம் கொடுத்த மனுஷரை எப்படிச் சங்கடப்படுத்துவது என்று உள்ளே ஒரு கூச்சம் வருமே, அதற்குப் பர்மியர்கள் வைத்த பேர். தமிழில் அதற்கு ஒற்றை வார்த்தை எனக்குத் தெரியாது, ஆனால் நம் வீட்டில் அது சோறு மாதிரி தினமும் உண்டு. விருந்தாளி வீட்டில் இரண்டாவது தடவை கேட்டால்தான் சாப்பிட வேண்டும், பெரியவர் முன்னால் குனிந்து போக வேண்டும், முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லக் கூடாது. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். நல்ல பிள்ளையாகத்தான் வளர்ந்தாய். ஆனாடேயினால் ஒரு கிண்ணம் மொஹிங்கா கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறுதான் உப்பும். ஆனாடேயினால் ஒரு கையெழுத்துப் போட்டால் இன்னொருத்தன் உள்ளே போகிறான். இந்த வித்தியாசத்தை உனக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரம் இதற்கு முன்னால் வரவில்லை.

இப்போது உன் அப்பா கதைக்கு வருகிறேன். நாத்தனாரே, இது உன் அண்ணன் கதை, இந்த இடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிறுத்திவிடாதே, முழுக்க வாசி. தம்பி, நீ அப்போது கைக்குழந்தை. அப்பா துறைமுகத்துக் கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரை மூட்டைகள் காணாமல் போயின. அப்பாவின் தள்ளுவண்டியில் பார்த்ததாக எடைபோடும் ஊ செய்ன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் பார்க்கவில்லை. மேஸ்திரி பேனாவை நீட்டினார், அவர் போட்டார், அவ்வளவுதான். கெட்ட மனுஷர் இல்லை. உன் அப்பாவுக்குச் சுருட்டு வாங்கிக் கொடுப்பவர். ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் அப்பா உள்ளே இருந்தார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தூக்குச் சட்டியோடு சிறை வாசலில் நிற்பேன். உன் அத்தை கூட நிற்பாள். கடைசியில் மூட்டைகளை வேறு எங்கோ கண்டுபிடித்தார்கள், இவரை விட்டுவிட்டார்கள். தப்பு நடந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. 'போ' என்றார்கள், வந்தார்.

வந்த அன்றைக்கே அவர் நன்றாகத் தூங்கினார், தெரியுமா? நான்தான் முழித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறட்டை வேறு. தூங்காமல் போனது ஊ செய்ன். எங்களைத் தூரத்தில் கண்டாலே தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். டீக்கடையில் அப்பா போய் உட்கார்ந்தால் அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அப்பா, 'இருங்க ஊ செய்ன், டீ ஆறிப் போவுது' என்பார். அந்த மனுஷர் நிற்க மாட்டார். ராத்திரியில் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போட்டோமா என்று எழுந்து எழுந்து பார்ப்பார், வீட்டில் எவருக்கும் தூக்கமில்லை என்று அவர் பெண்சாதி என்னிடம் அழுதிருக்கிறாள். அப்பா செத்த அன்று காலையில் வந்து உட்கார்ந்தவர்தான், தூக்கும் வரை பச்சைத்தண்ணீர் தொடவில்லை. ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து என்னிடம் வந்து, 'நான் அன்னைக்கு ஒண்ணும் பார்க்கலம்மா' என்றார். ஏதோ எனக்குப் புதுச் செய்தி போல! பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. அதைக் கேட்க வேண்டிய மனுஷர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அன்று ஊ செய்ன் சொன்ன அதே சொல்லைத்தான் நீ சோற்றுத் தட்டின் முன்னால் சொன்னாய். அதனால்தான் இந்தக் கடிதம். உள்ளே போனவனோடும் குடும்பம் நடத்தியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டவனையும் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை இரண்டில் எதுவாகவும் ஆக வேண்டாம். ஆனால் கட்டாயம் ஒன்றுதான் என்று வந்தால், என்னைக் கேட்டால், தூங்குகிறவனாக இரு என்பேன்.

சோதனை போட வந்த அந்த சப்-இன்ஸ்பெக்டர் நம் கடைக்குத் தோசை சாப்பிட வருவார், உனக்குத் தெரியும். உன் வயதுதான் இருக்கும், கல்யாணமாகிக் குழந்தை பிறந்திருக்கிறது. சட்னி கூட ஊற்றிவிட்டு நானே கேட்டேன். 'ஆமா தம்பி, என் பையன் வீட்டுக்குள்ளேயே வரலையே, அப்புறம் எப்படிப் பார்த்தான்?' அவர் கோபப்படவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே, 'அம்மா, எல்லா வீட்டிலயும் இப்படித்தான். ஆள் கிடைக்கிறதே பெரும்பாடு. வெளியே நின்னா என்ன, உள்ளே நின்னா என்ன, காகிதம் சரியா இருந்தாப் போதும்னு மேலே சொல்றாங்க' என்றார். பிறகு காசைக் கொடுத்துவிட்டு, நான் சில்லறை எடுப்பதற்குள் போய்விட்டார். அவரை அரக்கன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷம் துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஊரில் போலீசுக்கும் பயம், நமக்கும் பயம். பயந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு காகிதத்தை முடித்துவிட்டார்கள்.

ஊர் கொஞ்சம் அடங்கிய பிறகு வார்டு மண்டபத்தில் மனித உரிமைப் பயிற்சி என்று ஒன்று நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? போலீஸ்காரர்களையும் நம்மையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு கேக்குப் பொட்டலம் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சட்டை போட்டுப் படம் எடுத்தார்கள். சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டினார்கள், பிடிபட்டவனுக்கு என்னென்ன உரிமை என்று. நல்ல விஷயங்கள்தான், நான் நின்று வாசித்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. பாதியை ரத்த தான அறிவிப்பு மறைத்துவிட்டது, மீதியில் கொசு மருந்து அடிக்கும் நாள் எழுதியிருக்கிறார்கள். அதற்காக அதை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிடாதே. சுவரில் இருப்பதை யாராவது ஒருத்தர் கோர்ட்டில் நின்று வாயால் சொன்னால்தான் அது கறிக்கு உதவும். அதைச் சொல்ல இந்தத் தடவை வேறு ஆள் இல்லை.

மின் தூவுக்காக வாதாடும் வக்கீல் பெண் வந்து என்னைப் பார்த்தாள். சின்னப் பெண், குடை ஒடிந்திருந்தது, நம் வீட்டுக் குடையைக் கொடுத்தனுப்பினேன். நீ யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம் என்கிறாள். போலீஸ் பொட்டலத்தை வைத்தது என்றும் சொல்ல வேண்டாம், வைக்கவில்லை என்றும் சொல்ல வேண்டாம். அது உனக்கு எப்படித் தெரியும்? 'நான் வாசலில் நின்றேன். சமையற்கட்டைப் பார்க்கவில்லை. பொட்டலத்தை வெளியே கொண்டுவந்த பிறகுதான் பார்த்தேன்.' இவ்வளவுதான். நீ வராவிட்டால் கோர்ட்டுக்கு உன் கையெழுத்து மட்டும் போகும், அது நீ பார்த்ததாகச் சொல்லும். ஆபீஸ் குமாஸ்தாவும் பார்த்தேன் என்றுதான் சொல்வாராம்.

மின் தூ சொக்கத் தங்கம் என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். சூதாடுகிறான், சேர்க்கை சரியில்லை, உன்னையும் ஒரு தடவை கெடுக்கப் பார்த்தான், அதற்காக விளக்குமாற்றைக் காட்டியிருக்கிறேன். அந்தப் பொட்டலம் அவனுடையதாகவே இருந்தாலும் இருக்கும். இருந்தால் நீதிபதி விசாரித்துத் தண்டனை கொடுக்கட்டும், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் யாரும் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லி ஒருத்தனை உள்ளே தள்ளினால், அடுத்த வீட்டு நல்லவனையும் அதே போலத் தள்ளலாம். உன் அப்பாவைத் தள்ளினார்களே. நல்லவனுக்கு ஒரு விசாரணை, கெட்டவனுக்கு ஒரு விசாரணை என்று வைத்தால், யார் எது என்று முதலில் தீர்மானிப்பது யார்?

டாவ் ஓன் தினமும் காலையில் கடைக்கு வருகிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழே 'அக்கா, ரெண்டு தோசை' மட்டும்தான், அதை மட்டும் தமிழில் சொல்வாள். பையனைப் பார்க்க விடும் நாளில் அதைக் கட்டி எடுத்துக்கொண்டு போகிறாள். அந்தக் காகிதத்தில் உன் கையெழுத்து இருப்பது அவளுக்குத் தெரியும். வக்கீல் சொல்லியிருக்கிறாள். இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தம்பி. 'உன் மகனைக் கொஞ்சம் வந்து சொல்லச் சொல்' என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். அவளுக்கும் ஆனாடே. உனக்கு வெளிநாட்டு வேலை கிடைத்திருக்கிற நேரத்தில் குறுக்கே நிற்கக் கூடாதாம். நேற்று பர்மியத்தில் கேட்டாள். 'தம்பி த்வாண்டேயில் நல்லா சாப்பிடுறானா? அங்கே குளிர்ல அவனுக்கு இருமல் வருமே, போர்வை எடுத்துட்டுப் போனானா?' நான் மாவைக் கரைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன்.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். வார்டுத் தலைவர் இனி முகம் கொடுத்துப் பேச மாட்டார். அடுத்த தடவை ஒரு கடிதம் வேண்டும் என்றால் இழுத்தடிப்பார். கடைக்கு யாராவது வந்து குடைச்சல் கொடுப்பார்களோ, உன்னையே வழக்கில் இழுத்துப் போட்டுவிடுவார்களோ என்று நினைத்துக்கொண்டு உளுந்தை ஊற வைக்க மறந்துவிட்டேன், இன்று தோசை கல் மாதிரி வந்தது. மலேசியாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டிடம் நானே போய்ப் பேசினேன். 'அடுத்த கூட்டத்தோட அனுப்பிப் பார்க்கிறேன்மா, உறுதி சொல்ல முடியாது' என்று முகத்தைச் சுளித்தார். ஆக, நீ கோர்ட்டுக்கு வந்தால் மலேசியா வேலை கைவிட்டுப் போனாலும் போகலாம். இதைச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போவது என்று நீ முடிவு செய்தால், போ. உன்னைச் சபிக்க மாட்டேன், கதவைச் சாத்த மாட்டேன். பெற்றவள் அப்படிச் செய்வாளா? விமான நிலையத்துக்கும் வருவேன். அங்கே போய் வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு படுக்காதே. எவன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், எவ்வளவு பெரியவன் நீட்டினாலும், முதலில் வாசி. வாசிக்கத் தெரியாவிட்டால் வாசிக்கத் தெரியாது என்று சொல். அதில் வெட்கம் இல்லை. இதை நீ அங்கே போய்க் கடைப்பிடிப்பாய் என்று எனக்குத் தெரியும். இங்கே போட்டதைத் திருத்திவிட்டுப் போய்க் கடைப்பிடித்தால் எனக்கு நெஞ்சு ஆறும்.

செவ்வாய்க்கிழமை கடை இல்லை. காலையில் டாவ் ஓனோடு நானும் கோர்ட்டுக்குப் போகிறேன். அவளைத் தனியாக அந்த பெஞ்சில் உட்கார வைக்க மாட்டேன், தனியாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் நீ வருவாய் என்று நான் சொல்லவில்லை, வரமாட்டாய் என்றும் சொல்லவில்லை. உனக்காக வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. நீ விமானம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் இரண்டு தூக்குச் சட்டி கொண்டுவருவேன். ஒன்று மின் தூவுக்கு, அனுமதி கேட்டுக் கொடுத்துவிடலாம் என்றாள் வக்கீல் பெண். இன்னொன்று உனக்கு. உருளைக்கிழங்கு மசாலா வைத்த தோசை, உனக்குப் பிடித்த மாதிரி ஓரம் முறுகலாக. வந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போ. வெறும் வயிற்றோடு சாட்சி சொல்லாதே, குரல் எழும்பாது.

மத்தியானம் வரைக்கும் மூடியைத் திறக்காமல் வைத்திருப்பேன். நீ வராவிட்டால் அதையும் மின் தூவுக்கே கொடுத்துவிடுவேன். அவனும் என் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைதான். ஆனால் இது யார் பங்கு என்று அவன் கேட்டால், அவனிடம் நான் பொய் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா